பாசி படர்ந்த ஏரியில் விரால் பிடித்தல்

நம் அரக்கோணம் வட்டாரத்தில் ஏரியில்லாத ஊர் அரிது. மகேந்திரவாடியில் பெரும்பாறை ஒன்றைக் குடைந்து திருமாலுக்குக் கோயில் எடுத்த பல்லவ மன்னன் முதலாம் மகேந்திரவர்மன், அக்கோயில் மகேந்திர தடாகத்தின் கரையில் அமைந்ததென்று அங்கேயே கல்லில் பொறித்து வைத்தான். அது ஏழாம் நூற்றாண்டின் முற்பகுதி. காவேரிப்பாக்கம் பேரேரி பாலாற்று அணைக்கட்டிலிருந்து கால்வாய் வழியே நீர் பெற்று, இன்றும் பல ஊர்களின் வயல்களைக் காக்கிறது. இவையும், இவற்றினும் சிறியனவாகிய பல ஏரிகளும் பாசனத்திற்கென்றே ஏற்பட்டவை. ஆயினும் ஏரி தரும் இரண்டாவது விளைவு ஒன்று உண்டு. அதுவே மீன்.

மழைக்காலத்தில் தெருவில் நீட்டிய பாவு காய்வதில்லை. ஆகவே தறி அடிக்கடி நின்றுவிடுகிறது. நடவு முடித்த உழவருக்கும் களையெடுப்பு வரையில் சற்று ஓய்வு கிடைக்கிறது. இந்நாட்களில் நெசவாளரும் உழவருமாகிய நம் அங்கத்தினர் பலர் தூண்டிலும் கையுமாக ஏரிக்கரையை நாடுவது வழக்கம். அவர்கள் விரும்பித் தேடுவது விரால். ஆனால் விரால் குஞ்சு பொரித்துக் காக்கும் பருவமும் பெரும்பாலும் இதுவே. ஆதலால் இப்பாடத்தில் நாம் இரண்டு விஷயங்களைக் கற்க வேண்டியிருக்கிறது. பாசிக்குள் இருக்கும் விராலை எவ்வாறு பிடிப்பது என்பது ஒன்று. எப்போது பிடிக்கலாகாது என்பது மற்றொன்று.

1. விராலின் இயல்பு

விரால் ஊனுண்ணும் மீன். தவளை, இறால், பூச்சி, சிறு மீன் ஆகியவையே அதன் இரை. அது கெண்டையைப்போல் கூட்டமாக மேய்வதில்லை. பாசிநிழலில் அசையாமல் கிடந்து, அருகில் வருவதைத் திடீரென்று பாய்ந்து கவ்வும். 1952இல் நம் நாட்டிற்குக் கொண்டுவரப்பட்டு, இன்று ஏரிதோறும் பெருகிக் கிடக்கும் ஜிலேபிக் கெண்டையின் குஞ்சுகளையும் அது தின்கிறது. எனவே ஏரியில் விரால் இருப்பது ஒருவகையில் நன்மையே.

இதன் தனிச்சிறப்பு மூச்சு விடும் முறை. செவுளால் மட்டும் இது உயிர் வாழ இயலாது. தலையினுள் அமைந்த காற்றறைக்கு அடிக்கடி மேலே வந்து காற்றை விழுங்கிச் செல்ல வேண்டும். வளர்ந்த விராலை நீருக்குள் மேலே வரவொட்டாமல் தடுத்தால் அது மூச்சுத் திணறி இறந்துவிடும். நீர் வற்றிச் சேறான இடத்திலும் இது பல நாள் பிழைத்திருப்பதற்கும், கொஞ்சம் நீர் விட்ட வாயகன்ற பானையில் உயிரோடு சந்தைக்கு வந்து நல்ல விலை பெறுவதற்கும் இவ்வியல்பே காரணம். தூண்டிற்காரருக்கும் இதனால் ஓர் அனுகூலம் உண்டு. மற்ற மீன்கள் இருக்குமிடம் தெரியாது. விராலோ தானே மேலே வந்து தன் இருப்பிடத்தைக் காட்டிக்கொடுக்கிறது.

2. பாசியைப் படித்தறிதல்

பாசி என்று நாம் ஒரே பெயரால் சொன்னாலும் அதில் வகைகள் உண்டு. நீருக்குள்ளேயே கொடிபோல் அடர்வது வேலம்பாசி. மேலே இலை விரிப்பவை அல்லியும் தாமரையும். கரையோரம் நிற்பவை கோரையும் சம்பும். வேர் தரையைத் தொடாமல் மிதந்து திரிவது ஆகாயத்தாமரை. இது தென்னமெரிக்காவிலிருந்து வந்து நம் நீர்நிலைகளைப் பிடித்துக்கொண்ட களை. ஒவ்வொன்றிலும் விரால் தங்கும் இடம் வேறு.

வேலம்பாசி அடர்ந்த இடத்தில் நடுவே காணும் சிறு துளைகளே முக்கியமானவை. ஒரு முறத்தின் அகலமே உள்ள துளையாயினும் போதும். அங்கேதான் விரால் காற்று விழுங்க வரும். கோரைப் புதரில் வெளிவிளிம்பும், புதர் உள்வாங்கி வளைந்த மூலைகளும் நல்லவை. ஆகாயத்தாமரையின் அடியில் நிழல் உண்டு. அதன் ஓரத்தை ஒட்டித் தூண்டிலை இறக்க வேண்டும். ஏரியின் நீர்ப்பிடிப்பில் வளர்ந்து, மழையில் முழங்காலளவோ இடுப்பளவோ நீரில் நிற்கும் கருவேல மரங்களின் அடிப்பகுதியை ஒருபோதும் விட்டுவிடலாகாது. இருவகைப் பாசிகள் சந்திக்கும் இடமும் அவ்வாறே.

ஏரிக்குச் சென்றவுடன் தூண்டிலை வீசுவது பிழை. முதலில் கால் மணி நேரம் கரையில் அசையாமல் நின்று நீரைப் பார்க்க வேண்டும். எங்கே நீர் 'களக்' என்று வாய்திறந்து மூடுகிறது, எங்கே கோரைத்தண்டு காற்றில்லாமல் ஆடுகிறது, எங்கே சிறு மீன்கள் சிதறித் துள்ளுகின்றன என்று குறித்துக்கொள்ளவேண்டும். காலையில் வெயில் ஏறுமுன்னும், மாலையில் வெயில் தணிந்த பின்னும் விரால் விளிம்பிற்கு வரும். நண்பகலில் பாசியின் உட்புறத்துத் துளைகளில் தேட வேண்டும்.

3. கருவி

விராலுக்கு உயிருள்ள தவளையை முள்ளில் கோத்து விடுவது நெடுங்காலத்து வழக்கம். சென்னை மாகாணத்தில் சிவில் உத்தியோகத்தில் இருந்தவரான எச். எஸ். தாமஸ் 1873இல் இந்திய நீர்நிலைகளின் தூண்டில் முறைகளைப் பற்றியும், 1887இல் ஏரி, குளங்களில் தூண்டிலிடுவதைப் பற்றியும் நூல்கள் எழுதினார். அக்காலத்திலேயே இக்கலை எழுதிப் படிக்கத்தக்கதாக இருந்தது என்பது இதனால் விளங்கும். ஆயினும் தவளை உழவரின் நண்பன். வயலின் பூச்சிகளைத் தின்று பயிரைக் காப்பது அதுவே. தவளைக்கால் ஏற்றுமதியை 1987இல் அரசாங்கம் தடுத்ததும் இதைக் கருதியே. அங்கத்தினர் தவளையைக் கோப்பதைக் கைவிட வேண்டும். அதற்கு மாற்றாக இன்று 'ஜிக்' என்னும் கருவி இருக்கிறது.

ஜிக் என்பது ஈயத்தைத் தலையாக வார்த்த ஒற்றை முள். அதன் கழுத்தில் ரப்பர் இழைகள் குஞ்சம்போல் கட்டப்பட்டிருக்கும். முள்ளின் கூர்முனைக்கு முன்னே விறைப்பான நார்க்கற்றை ஒன்று காவலாக நிற்கும். பாசி வந்து மோதும்போது அந்நார் பாசியை ஒதுக்கிவிடும். மீன் வாயால் அழுத்தும்போது வளைந்துகொடுத்து முள்ளுக்கு வழிவிடும். இக்கருவியின் சூட்சுமம் முழுதும் இதில்தான் இருக்கிறது. நீருக்குள் இறங்கும்போது குஞ்சம் விரிந்து சுருங்குவது, தவளை காலை உதைப்பது போலவும் இறால் பின்வாங்குவது போலவும் தோன்றும்.

அமெரிக்க நாட்டின் ஆழமற்ற, பாசி மிகுந்த ஏரிகளில் 'பாஸ்' என்னும் பெருவாய் மீனைப் பிடிக்க இது பெரிதும் உபயோகமாகிறது. பாஸும் நம் விராலும் வேறு வேறு இனங்கள். எனினும் பாசியில் பதுங்கியிருந்து பாயும் குணத்தில் இரண்டும் ஒன்றே. கலிஃபோர்னியாவில் நீண்ட கழியால் கோரைப் புதருக்குள் ஜிக்கை நேராக இறக்கும் பழக்கம் இருந்தது. அதனையே 1970களில் டீ தாமஸ் என்பவர் குட்டையான கழிக்கும் ஏற்றவாறு மாற்றிப் பரப்பினார். நீண்ட கழியால் துளையில் இறக்கும் முறை நம்மவர் மூங்கில் தூண்டிலுக்கும் இயல்பாகப் பொருந்துவது.

ஆதலால் விலையுயர்ந்த கருவி அவசியமில்லை. பத்து முதல் பன்னிரண்டு அடி நீளமுள்ள, நுனி அதிகம் தொய்யாத முற்றிய மூங்கிற்கழி போதுமானது. சுருளுடன் கூடிய கழி வாங்குவோர் ஏழடி நீளமும் நல்ல விறைப்பும் உள்ளதைத் தேர்ந்தெடுக்கலாம். மெல்லிய தங்கூஸ் நரம்பு பாசிக்கு உதவாது. முப்பது முதல் ஐம்பது பவுண்டு தாங்கும் பின்னல் நூலே வேண்டும். பாசி அடர்ந்த இடத்திற்கு 14 முதல் 20 கிராம் எடையுள்ள ஜிக்கும், பாசி குறைந்த விளிம்பிற்கு 7 முதல் 10 கிராம் எடையுள்ள ஜிக்கும் ஏற்றவை. தெளிந்த நீரில் பழுப்பும் பச்சையும், கலங்கிய நீரில் கறுப்பும் நல்ல நிறங்கள்.

முடிச்சைப் பற்றி நெசவாள அங்கத்தினருக்குச் சொல்லவும் வேண்டுமோ? எனினும் முறையைக் கூறுவோம். நூலை இரட்டையாக மடித்து, மடிப்பை முள்ளின் கண்ணுக்குள் நுழைக்க வேண்டும். அந்த இரட்டை நூலாலேயே ஒரு சாதாரண முடிச்சைத் தளர்வாகப் போட்டு, மிஞ்சிய மடிப்பு வளையத்திற்குள் ஜிக் முழுவதையும் நுழைத்தெடுக்க வேண்டும். பின் நூலை நீரில் நனைத்து மெல்ல இறுக்க வேண்டும். நனைக்காமல் இறுக்கினால் உராய்வில் நூல் நைந்துவிடும்.

ஈயத்தைச் சமையல் பாத்திரத்தில் உருக்குவதோ, ஈயக்குண்டைப் பல்லால் கடித்து நசுக்குவதோ கூடாது. ஈயம் நஞ்சு, குழந்தைகளுக்கு மிகக் கேடு. தொட்ட கையைக் கழுவிய பின்னரே உண்ண வேண்டும்.

4. பிடிக்கும் முறை

முதலாவது, இறக்குதல். குறித்துவைத்த துளைக்கு நேர்மேலே கழியை நீட்டி, ஓசையில்லாமல் ஜிக்கை நீரில் இறக்க வேண்டும். தொப்பென்று போட்டால் விரால் விலகிவிடும். ஜிக் தானே கீழே செல்லட்டும். நூலை முழுவதும் இறுக்கினால் ஜிக் துளையை விட்டு விலகி வரும். முழுவதும் தளர்த்தினால் மீன் கவ்வுவது தெரியாது. தளர்விற்கும் இறுக்கத்திற்கும் இடைப்பட்ட நிலையில் நூல் இருக்க வேண்டும்.

இரண்டாவது, கவனித்தல். பெரும்பாலும் ஜிக் கீழிறங்கும்போதே மீன் கவ்விவிடும். அப்போது பெரிய இழுப்பு வரும் என்று எதிர்பார்ப்பவர் ஏமாறுவர். நூல் ஒருபுறமாக நகரலாம். இறங்கிக்கொண்டிருந்த நூல் பாதியில் நிற்கலாம். 'டிக்' என்று ஒரு சிறு துடிப்பு விரலுக்கு எட்டலாம். ஓடும் தறியில் ஓர் இழை அறுந்ததைக் கண் காணுமுன் கை அறிவதுபோல, இதனையும் கை அறியப் பழக வேண்டும். இப்பழக்கத்தில் நெசவாளர் மற்றவரினும் விரைவில் தேறுவர் என்பது நம் எண்ணம்.

மூன்றாவது, அசைத்தல். தரையைத் தொட்ட ஜிக்கை ஒரு சாண் தூக்கி, இருமுறை நடுக்கி, மீண்டும் விட வேண்டும். ஐந்து எண்ணும் வரையில் அசையாமல் வைத்திருக்க வேண்டும். மூன்று முறை செய்தும் பயனில்லையேல் அடுத்த துளைக்குச் செல்ல வேண்டும். ஒரே இடத்தில் ஒரு மணி நேரம் காத்திருப்பது கெண்டைக்குப் பொருந்தும், விராலுக்குப் பொருந்தாது.

நான்காவது, எடுத்தல். கவ்வியது தெரிந்தவுடன் நூலின் தளர்வை நீக்கி, கழியை உறுதியாக மேல்நோக்கித் தூக்க வேண்டும். விராலின் வாய் கடினமானது. மெல்லிய இழுப்பில் முள் பதியாது. முள் பதிந்ததும் அதன் தலையை உடனே பாசிக்கு மேலே கொண்டுவந்துவிட வேண்டும். ஒரு நொடி தளர்த்தினாலும் அது தண்டுகளைச் சுற்றிக்கொண்டு பாசிக்குள் புதைந்துவிடும். அவ்வாறு புதைந்துவிட்டால் வெடுக்கென்று இழுத்து நூலை அறுக்கலாகாது. நூலை இறுக்கமாகப் பிடித்துச் சற்றே பொறுத்தால், பல சமயங்களில் மீனே நகர்ந்து விடுவித்துக்கொள்ளும். அறுந்த நூல் ஏரியில் கிடந்தால் நாரைக்கும் ஆமைக்கும் தூக்குக் கயிறாகும். ஆகவே நூல் துண்டு ஒன்றையும் கரையில் விட்டு வரலாகாது.

விராலுக்குப் பல் உண்டு, உடம்போ வழுக்கும். ஈரத்துணியால் தலையின் பின்புறத்தைப் பற்றி முள்ளை எடுக்க வேண்டும். முள்ளின் எதிர்க்கொக்கியைக் குறட்டால் முன்னரே நசுக்கி வைத்தால், விட வேண்டிய மீனைக் காயமின்றி விடலாம்.

5. பிடிக்கலாகாத காலம்

இனி இப்பாடத்தின் இரண்டாம் பகுதிக்கு வருவோம். இதுவே முக்கியமானது.

மழை பெய்து புதுநீர் பரவியதும், விரால் இணை ஆழமற்ற பாசிப்பகுதிக்கு வந்து, பாசியை விலக்கி வட்டமாக ஓர் இடத்தைத் துப்புரவு செய்யும். அங்கே இடும் முட்டைகள் எண்ணெய்த்துளி கொண்டவை. நீரின் மேலே மிதக்கும். ஏறத்தாழ ஒன்றரை நாளில் அவை பொரிந்துவிடும். பொரிந்த குஞ்சுகள் செம்மஞ்சள் நிறத்தில், ஒரு கூடையளவு திரளாகக் கூடி, மேலும் கீழுமாக நீரில் கொதிப்பதுபோல் அலைந்துகொண்டிருக்கும். இத்திரளின் கீழே தாயும் தந்தையும் பல நாட்கள் காவல் இருக்கும். நீந்தும் உயிருள் இத்தகைய காவல் அரிது.

இந்தக் காவலே அவற்றிற்கு எமனாகவும் அமைகிறது. குஞ்சுத்திரளின் அருகே ஜிக்கை இறக்கினால் பெரிய விரால் தவறாமல் பாயும். பசியால் அன்று, குஞ்சைக் காக்கும் சினத்தால். விரால் பிடிப்பதில் இதனினும் எளிய வழி இல்லை. இதனினும் நஷ்டமான வழியும் இல்லை. காவல் போன மறுகணமே ஜிலேபியும் கெளுத்தியும் பாம்பும் நாரையும் குஞ்சுகளைச் சூழ்ந்துகொள்ளும். நாம் பிடித்தது ஒரு மீன் என்று எண்ணுகிறோம். அழித்ததோ அடுத்த ஆண்டிற்குரிய விளைவு. விதைநெல்லைக் குத்திச் சோறாக்கி உண்பவனை ஊரார் என்ன சொல்வர்? அதுவே இதற்கும் பொருந்தும்.

ஆதலால் செந்நிறக் குஞ்சுத்திரளைக் கண்டால் அவ்விடத்தை விட்டு அகல வேண்டும். ஓரடிக்குக் குறைந்த விரால் அகப்பட்டாலும் விட்டுவிட வேண்டும். அது இன்னும் ஒருமுறையேனும் முட்டையிடாததாக இருக்கலாம்.

6. நீரின் தன்மை

நம் வட்டாரத்தின் மேற்கே இராணிப்பேட்டை, ஆம்பூர், வாணியம்பாடிப் பகுதிகள் தோல் பதனிடும் தொழிலால் பெயர் பெற்றவை. அத்தொழிலின் கழிவு பாலாற்றையும் நிலத்தடி நீரையும் கெடுத்தது குறித்த வழக்கில் 1996ஆம் ஆண்டு உச்ச நீதிமன்றம் புகழ்பெற்ற தீர்ப்பை வழங்கியது. கேடு வருமுன் காத்தலும், கெடுத்தவரே ஈடு செய்தலும் நாட்டின் சட்டநெறி என்பது அத்தீர்ப்பு.

இதில் தூண்டிற்காரர் அறிய வேண்டிய ஒன்று உண்டு. நீரில் காற்றுச் சத்துக் குறைந்தால் கெண்டையும் ரோகுவும் செத்து மிதந்து நமக்கு எச்சரிக்கை தரும். விராலோ மேலே வந்து மூச்சு விடுவதால் அந்நீரிலும் பிழைத்திருக்கும். ஆகவே விரால் உயிரோடிருப்பது நீர் நல்லது என்பதற்குச் சான்றாகாது. தொழிற்கழிவோ சாக்கடையோ கலக்கும் ஏரியில் பிடித்த மீனை உண்பதும் விற்பதும் தகாது.

7. ஜாக்கிரதை

மண் எடுத்த பள்ளங்கள் ஏரிக்குள் நீரால் மறைந்து கிடக்கும். முழங்காலளவு நீரில் நடப்பவர் அடுத்த அடியில் ஆளுயரப் பள்ளத்தில் வீழக் கூடும். அடர்ந்த பாசியோ நீந்துபவரின் காலைச் சுற்றிக்கொள்ளும். ஏரி நிரம்பிய பின் நீருக்குள் இறங்காமல் கரையில் நின்றே பிடிப்பது உத்தமம். தனியே செல்லாமல் இருவராகச் செல்ல வேண்டும். மேலே மின்கம்பி செல்லும் இடத்தில் நீண்ட கழியை உயர்த்தலாகாது. ஈரக்கழி மின்சாரத்தைக் கடத்தும். இடி இடிக்கத் தொடங்கியதும் கரையை விட்டு இறங்கிவிட வேண்டும். பாசிக்குள்ளும் கரைப்பொந்துக்குள்ளும் கையை விடலாகாது.

8. சங்கத்தின் கடமை

ஏரி பொதுவானது, ஆனால் அதன் மீன் உரிமையற்றதன்று. மீன்பாசி குத்தகை எடுத்தவர் எவரோ, அவரது அனுமதியின்றித் தூண்டில் இடுவது முறையன்று. குத்தகைதாரர் கட்லாவும் ரோகுவும் விட்டு வளர்க்கிறார். அவருக்கு விரால் ஒரு தொல்லை. வலைக்கு அகப்படாமல் பாசியில் ஒளியும் விராலைத் தூண்டிலால் எடுக்க அவர் சம்மதிப்பது கடினமன்று. இதனைத் தனித்தனியே கேட்பதினும் சங்கத்தின் சார்பில் எழுத்து மூலம் கேட்டுப் பெறுவது நன்று.

குஞ்சு காக்கும் விராலை விட்டுவிட வேண்டும் என்று மேலே கூறினோம். இதைப் படிக்கும் அங்கத்தினர் ஒருவர் உள்ளத்தில் உடனே ஒரு கேள்வி எழும்: 'நான் விட்டால் என்ன பயன்? எனக்குப் பின்னால் வருபவன் பிடித்துக்கொண்டு போய்விடுவானே!' இக்கேள்வி நியாயமானதே. தனி மனிதனுடைய நற்குணம் மட்டும் ஏரியைக் காக்காது. ஒருவர் விட்டதை மற்றொருவர் பிடிப்பாராயின், விட்டவர் ஏமாளியாகிறார். அடுத்த முறை அவரும் விடமாட்டார். எல்லோரும் ஒருங்கே விட்டால்தான் ஒவ்வொருவருக்கும் பயன் உண்டு. கூட்டுறவு பிறந்ததே இத்தகைய நிலைக்கு மருந்தாகத்தான்.

நமக்குக் கிழக்கே திருவள்ளூரையடுத்த திரூரில் 1904ஆம் ஆண்டிலேயே கடன் சங்கம் பதிவாயிற்று. நம் நாட்டின் முதற்சங்கங்களுள் அது ஒன்று. அதற்கு வழிகோலிய அறிக்கைகளை 1895லும் 1897லும் அளித்தவர் சர் பிரெடரிக் நிக்கல்சன். அவரே பின்னர் 1905 முதல் சென்னை மாகாண மீன் தொழிலை ஆராயும் பொறுப்பையும் ஏற்றார். மாகாணத்தில் மீன்துறை அமைந்தது அவரது முயற்சியால். கூட்டுறவிற்கும் மீனுக்கும் ஒரே மனிதர் உழைத்தது நாம் எண்ணிப் பார்க்கத்தக்கது.

ஆகவே ஏரியுள்ள ஊர்ச் சங்கங்கள் தம் கூட்டத்தில் கீழ்க்கண்டவற்றை ஒருமனதாகத் தீர்மானித்துக்கொள்ளலாம். குஞ்சுத்திரளுடன் கூடிய விராலை எவரும் பிடிப்பதில்லை. வெடி, நஞ்சு, மின்சாரம் ஆகியவற்றால் மீன் பிடிப்போரைக் கண்டால் மறைக்காமல் அறிவிப்பது. ஆகாயத்தாமரையை அகற்றும்போது கரையோரக் கோரையும் அல்லியும் ஒரு பகுதியாவது மிஞ்சும்படி விடுவது. பிடித்த மீனின் நாள், இடம், நீளம் ஆகியவற்றை ஒரு குறிப்பேட்டில் பதிவது. இக்குறிப்பேடு மூன்றாண்டு தொடருமாயின், தம் ஏரியில் விரால் பெருகுகிறதா, குறைகிறதா என்பதை அங்கத்தினரே அறிவர். பிறரைக் கேட்க வேண்டியதில்லை.

படிப்பு வட்டத்தில் விவாதிக்க வேண்டிய வினாக்கள்

1. விரால் இருக்குமிடத்தை அதன் மூச்சைக்கொண்டு எவ்வாறு அறியலாம்? நம் ஊர் ஏரியில் அத்தகைய இடங்கள் யாவை?

2. ஜிக்கின் முன்னுள்ள நார்க்கற்றையின் வேலை என்ன?

3. விரால் உயிரோடிருப்பதைக்கொண்டு நீர் நல்லதென்று கூறலாகாது, ஏன்?

4. காவல் இருக்கும் விராலை ஓர் அங்கத்தினர் மட்டும் விட்டுவிடுவதற்கும், சங்கமாகத் தீர்மானித்து விடுவதற்கும் உள்ள வேறுபாடு யாது?

5. நம் ஏரியின் மீன்பாசி குத்தகை எவரிடம் உள்ளது? அவரிடம் அனுமதி பெறும் கடிதத்தை வட்டத்தினர் கூடி எழுதிப் பார்க்கவும்.